கடதாசி என்று சொன்னால் என்ன குறை?

என் ராத்தாவின் கலியாணத்துக்கு வாங்கிய அலுமாரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதலாமா என்று ராத்தாவிடமே கேட்டேன். “எழுது, கடைட பேரை மட்டும் போடாத” என்றார்.

கடைக்காரர் அதைத் “தேக்கு பினிஷ்” என்றார். வாப்பாவின் காதில் விழுந்தது தேக்கு மட்டும். மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி, கீழே இரண்டு லாச்சி. வீடு பார்க்க வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்து “நல்ல மரம்” என்றார்கள். அடுத்த மாரியில் அறைக்குள் நாலு விரல் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், அலுமாரியின் அடிப்பலகை ஊதிப்போய், தொட்ட இடமெல்லாம் புட்டாக உதிர்ந்தது. தேக்கின் ரேகை மட்டும் தோலாக உரிந்து தொங்கியது.

பக்கத்து வீட்டு ஓடாவி மாமாதான் விளங்கப்படுத்தினார். மரச்சீவலையும் பசையையும் கலந்து அழுத்தினால் சிப்போட். அதன்மேல் தேக்கின் ரேகையை அச்சடித்த கடதாசி. நல்ல வகையில் அந்தக் கடதாசியை மெலமைன் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையோடு ஒன்றாக்குவார்கள்; லேசில் கீறல் விழாது. எங்களுடையது மெல்லிய கடதாசியை வெறுமனே ஒட்டியது. எந்த வகையானாலும் தண்ணீர் முகப்பை விட விளிம்பால்தான் லேசாகப் புகும். எங்கள் அலுமாரியின் அடி விளிம்பு மூடப்படாமலே இருந்தது.

இன்னொன்றும் காட்டினார். உருளையால் அச்சடிப்பதால் ஒரே கோலம் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இடது கதவில் இருந்த கணு, வலது கதவிலும் அதே உயரத்தில், அதே வளைவோடு இருந்தது. அதன் முன்னால் நின்று எத்தனை நாள் தலை சீவியிருப்போம்! ஒருவரும் காணவில்லை.

இதற்காகத் தேக்குத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேக்கு வாங்கியிருந்தால் வாப்பாவின் கடன் இன்னும் ஏறியிருக்கும். கடதாசி ஒட்டிய பலகையால்தான் பல வீடுகளில் அலுமாரி என்று ஒன்று இருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அமெரிக்காவில் 1913இல் தொடங்கிய ஃபோமைக்கா கம்பனி, மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் போட ஒரு பொருளைச் செய்தது. ‘மைக்காவுக்குப் பதில்’ என்பதுதான் அந்தப் பெயரே. பின்னர் அதன்மேல் அலங்காரக் கடதாசி ஏறி, நம் மூத்தம்மாமாரின் மேசை வரைக்கும் வந்தது. பதில் சாமான் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு விற்ற சாமானை உலகம் வேண்டாமென்று தள்ளவில்லையே.

என் கோபம் ‘பினிஷ்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான். அது பொய்யுமில்லை, உண்மையுமில்லை. அந்தச் சொல் விலைபோவதற்கு நாமும் காரணம். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடும் கொடுத்து, வீட்டுக்குள் எல்லாமும் கொடுத்து, பிறகு வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்க்கும்வரை நெஞ்சு படபடக்க நிற்கிறோம். “சிப்போட் எண்டு தெரிஞ்சா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?” என்று உம்மா இப்போதும் கேட்கிறா. சிப்போட் என்று தெரிந்திருந்தால் வாங்கிய அன்றே காலுயர்த்தி வைத்திருப்போம் என்பதுதான் என் பதில்.

ஆகவே தளபாடம் வாங்கப் போகும் பெற்றோரே, முகப்பைத் தடவாதீர்கள். லாச்சியை இழுத்து அதன் விளிம்பைப் பாருங்கள், குனிந்து அடியைப் பாருங்கள். உள்ளே என்ன பலகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ராத்தாவின் அலுமாரி இன்னும் இருக்கிறது. ஓடாவி மாமா உதிர்ந்த பகுதியை அறுத்து, விளிம்பை மூடி, பலா மரத்தில் நாலு கால் வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கட்டையாகிவிட்டது. போன பெருநாளைக்கு வந்த மாமி, “இது தேக்கா மகள்?” என்று கேட்டா. உம்மா என்னைப் பார்த்தா.

“இல்ல மாமி, கடதாசி. கால் மட்டும் பலா” என்றார் ராத்தா.

மாமி குனிந்து காலைப் பார்த்தா. “நல்ல வேலை. ஆரு செஞ்ச?” என்று கேட்டா.