ஆப்பிரிக்கா செல்லும் மாணவருக்குத் தடை சொல்லாதீர்

கணினி பயிலும் ஓர் இளைஞர் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்கிறேன் என்றால் வீடு மகிழ்கிறது. ஆப்பிரிக்கா செல்கிறேன் என்றாலோ, "வேறெங்கும் இடம் கிடைக்கவில்லையா?" என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. இக்கேள்வி அறியாமையில் பிறந்தது. பிள்ளையின் நலம் நாடும் பெற்றோரின் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால், ஐம்பத்து நான்கு நாடுகள் கொண்ட ஒரு பெருங்கண்டத்தைப் பஞ்சமும் போரும் மட்டுமே விளையும் நிலமாக எண்ணிக்கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது முறையன்று.

சென்னை ஐ.ஐ.டி. தன் முதல் அயல்நாட்டு வளாகத்தை 2023 நவம்பரில் தான்சானியாவின் சான்சிபாரில் திறந்தது. இந்திய எல்லையைக் கடந்து வளாகம் அமைத்த முதல் ஐ.ஐ.டி. அதுவே. தரவு அறிவியலிலும் செயற்கை நுண்ணறிவிலும் இளநிலை, முதுநிலைப் பட்டங்களுடன் தொடங்கிய அவ்வளாகத்தின் தலைமையை ஏற்ற பேராசிரியர் பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி.க்களின் வரலாற்றில் அத்தகைய பொறுப்பேற்ற முதல் பெண். அங்கே இந்திய மாணவரும் சேரலாம். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் வழங்கிவருகிறது. ஆக, கல்வி நிலையம் உண்டா என்னும் ஐயத்துக்கு இடமில்லை.

கற்றுக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது என்பதே உண்மையான வினா. கென்யாவைப் பாருங்கள். 2007 மார்ச்சில் அங்கே சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்னும் பணப் பரிமாற்றச் சேவையைத் தொடங்கியது. இணையம் வேண்டியதில்லை, விலையுயர்ந்த கைபேசி வேண்டியதில்லை, வங்கிக் கணக்கும் வேண்டியதில்லை. சிற்றூர்க் கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்தால் அது கைபேசிக் கணக்கில் ஏறும். நைரோபியில் உழைக்கும் மகன் அனுப்பும் தொகையை ஊரில் இருக்கும் தாய் அதேபோன்ற இன்னொரு கடையில் பெற்றுக்கொள்வாள். சிம் அட்டைக்குள் அடங்கிய ஒரு சிறு பட்டியலும் ஓர் இரகசிய எண்ணும் இதற்குப் போதுமானவையாக இருந்தன. இந்தியாவில் யுபிஐ வந்தது 2016இல்தான். குறைந்த வசதியில், பெருந்திரளான மக்களுக்கு, பிழையின்றி இயங்கும் ஓர் அமைப்பை எவ்வாறு வடிப்பது என்னும் இக்கல்வி, எல்லாம் நிறைந்த ஆய்வகங்களில் எளிதில் கிட்டுவதில்லை.

இன்னொரு சான்று நமக்கு மேலும் நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றபின், இனவாரியாகச் சிதறிக் கிடந்த நலவாழ்வுப் பதிவுகளை ஒன்றிணைக்கும் முயற்சியிலிருந்து ஒரு மென்பொருள் பிறந்தது. பின்னர் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு வளர்ந்து, டிஎச்ஐஎஸ்2 என்னும் பெயரில் கட்டற்ற மென்பொருளாகப் பல நாடுகளுக்குச் சென்றது. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்க இலங்கை வல்லுநர்கள் உடனடியாகக் கருவி அமைத்தது இதன் மேல்தான். கேப் டவுனில் விதைத்தது கொழும்பில் பயன் தந்தது.

மொழித் துறையிலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே கவலை. ஆப்பிரிக்க மொழிகளைக் கணினிக்குக் கற்பிக்க 2019இல் உருவான மசகானே என்னும் ஆய்வாளர் கூட்டமைப்பு, அம்மொழிகளைப் பேசுவோரையே கொண்டு பணியாற்றிவருகிறது. எழுத்துருக் குழப்பத்தில் பல்லாண்டு அல்லலுற்று, 1999இல் சென்னை மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் தேடிய தமிழருக்கு அப்பணியின் அருமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செல்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவு வழங்கப் போகிறோம் என்னும் செருக்கோடு செல்லாதீர்கள். படிப்பு முடிந்தவுடன் அங்கேயே வேலை உறுதி என்றும் எண்ணாதீர்கள். தான்சானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அயல்நாட்டவர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். அப்பணிக்குத் தகுதியான உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்பதை நிறுவனம் காட்ட வேண்டும். தம் இளைஞருக்கு முதலிடம் தரும் நாட்டை யார் குறை கூற முடியும்? சுவாகிலி மொழியைக் கற்காமல் அங்குள்ள மக்களின் தேவையை அறியவும் இயலாது.

இவ்விடத்தில் நெஞ்சு கனக்கும் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. கல்வி தேடி இந்தியா வந்த நைஜீரிய மாணவர்கள் 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் கும்பலால் தாக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே நல்வரவு வேண்டும் என்று கேட்கும் உரிமை, அவர்கள் பிள்ளைகளை இங்கே மதிப்போடு நடத்தும்போதுதான் நமக்கு வரும். நம் நகரங்களில் அம்மாணவருக்கு வாடகை வீடு மறுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நைரோபி, கிகாலி, தார் எஸ் சலாம் நகரங்களின் கல்வி நிலையங்களோடு ஒப்பந்தம் செய்து, ஒரு பருவமேனும் மாணவரை அங்கு அனுப்பவும் அங்குள்ளோரை இங்கு வரவேற்கவும் வழிசெய்ய வேண்டும். அங்கே பெறும் பட்டங்களுக்கான தகுதிச் சான்று காலதாமதமின்றிக் கிடைக்க உயர்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும். பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ ஆப்பிரிக்கா செல்ல விரும்பினால் எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், யார் ஆசிரியர் என்று கேளுங்கள். விடை நிறைவாக இருந்தால் மனமுவந்து அனுப்பிவையுங்கள்.