ஒரேஞ்ச் பீக்கோவில் தோடம்பழம் இல்லை

"அம்மா, இதுக்குள்ள தோடம்பழம் இருக்கா?" ஒரேஞ்ச் பீக்கோ என்று எழுதிய பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கும். என்ரை வீட்டில் இருக்கு.

இல்லை குஞ்சு. அது சுவையின் பெயரே இல்லை, இலையின் தரத்துக்கு வைத்த பெயர். பீக்கோ என்பது சீனச் சொல்லிலிருந்து வந்தது. இளங்கொழுந்தில் இருக்கும் வெள்ளைப் பூமயிரைக் குறிப்பது. கனடாவில் சாதாரணக் கறுப்புத் தேயிலைக்கெல்லாம் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற பிரெஞ்சு 'தே'யும், அம்மம்மாவின் தேயிலையில் இருக்கிற 'தே'யும் ஒரே சொல்தான். சீனாவின் ஃபூஜியன் கரையில் அதற்கு 'தே' என்று பெயர். கப்பலேறி வந்தது அது. தரைவழியாகப் போன பெயர் 'சா', அதுதான் ஹிந்தியில் சாய். மொன்றியலில் எங்கடை பிள்ளைக்குப் பிரெஞ்சும் தமிழும் ஒட்டிக்கொள்கிற இடம் இது. நான் விடுவேனா?

சரி, பெட்டியில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த ஊர் இலை?

அசாம் என்றால் கடுஞ்சாயம், வறுத்த தானியத்தின் வாசம். பால் விட்டாலும் அமுங்காது. அந்தச் செடி அந்த மண்ணுக்கே உரியது. சிங்போ மக்களிடம் இருந்த அதை ராபர்ட் புரூஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1823இல் அறிந்துகொண்டார்; 1839இல் அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது. ஜோன் தலோன் வீதிப் பக்கத்து இந்தியக் கடைகளில் பெரிய பையில் கிடைக்கிற குருணைத் தூள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்வது. சி.டி.சி. என்பார்கள். பால் தேத்தண்ணிக்கு அதை வெல்ல ஒன்றுமில்லை.

டார்ஜிலிங் வேறு சாதி. பெரும்பாலும் சீனச் செடி, மலைக்குளிர். வசந்தத்தில் பறிக்கும் முதல் கொழுந்தில் பூ வாசம், மே, ஜூனில் பறிப்பதில் மஸ்கட் திராட்சை வாசம். 2004இல் இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் இதுதான். தயவுசெய்து பால் விடாதீர்கள். அம்மம்மாவுக்குக் கொடுத்தால் "என்ன பிள்ளை, சுடுதண்ணி தந்திருக்கிறாய்" என்பா. அதுவும் நியாயம்தான்.

மூன்றாவது நீலகிரி. தமிழ்நாட்டு மலை. ஆண்டு முழுக்கப் பறிப்பார்கள்; டிசம்பர், ஜனவரிப் பனியில் பறிப்பது நல்ல மணம். இந்த இலையைப் பறிக்கிற கைகளைப் பற்றித்தான் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பறிப்பவர்களில் பலர் இலங்கை மலையகத்திலிருந்து போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ.

'தோட்டக்காட்டார்' என்ற சொல் யாழ்ப்பாணத்து வீடுகளில் எந்தத் தொனியில் புழங்கியது என்று எங்களில் பலருக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டுத் தேயிலையின் வாசத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்த கதையைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்போம்! அவர்களிடமிருந்து அது பறிபோன கதையையும் அதே மேசையில் சொல்லலாம்.

சொல்லிக்கொண்டே செய்ய ஒரு வேலை: மொன்றியலின் ஜூலைப் புழுக்கத்துக்கு ஐஸ் ரீ. நீலகிரி இலை குளிர வைத்தாலும் அவ்வளவாகக் கலங்காது. கொதித்த தண்ணி ஒரு லீற்றர், இலை நாலு தேக்கரண்டி, நாலு நிமிசம். வடித்துச் சூட்டோடேயே சீனியைக் கரைத்துவிடுங்கள். ஆறியதும் தேசிக்காய். பிழிந்த உடனே சாயம் வெளிறும். அதைப் பிள்ளையே பிழிந்து பார்க்கட்டும்.