முதலில் நீர்வீழ்ச்சி, பிறகு கொய்யா

ஈப்போ பக்கம் உறவு வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வலது கைப் பக்கம், மலையின் பச்சையில் யாரோ சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல ஒரு நீர்வீழ்ச்சி தெரியும். "அதோ, அதோ" என்று பின்னிருக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குள் மறைந்துவிடும். அதுதான் லாத்தா கிஞ்சாங். நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு தீபாவளி, கல்யாணம், கருமாதி என்று எத்தனையோ முறை அந்த வழியாகச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கிப் போனதில்லை.

போன ஆண்டு அக்டோபரில், போயே தீருவது என்று முடிவு செய்தோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், அம்மா, மச்சான். திட்டம் போட்டது நான்தான். ஆகவே பிழையும் என்னுடையதுதான்.

தாளில் பார்க்க அழகான திட்டம் அது. காலையில் கிள்ளானில் புறப்பட்டு, தஞ்சோங் மாலிமில் பாவ் வாங்கி, பீடோரில் இறங்கி விதையில்லாக் கொய்யா வாங்கி, அங்கேயே மதிய உணவையும் முடித்துக்கொண்டு, பழைய சாலையில் தாப்பா, தெமோ வழியாகச் செண்டெரியாங்குக்குத் திரும்பி நீர்வீழ்ச்சிக்குப் போவது. குளித்துவிட்டு மாலைத் தேநீருக்கு அண்ணன் வீடு. நான்கு நிறுத்தங்கள், எல்லாம் வரிசையாக, ஒரே திசையில். வரைபடத்தைப் பார்த்து மட்டும் திட்டம் போடுகிற எவரும் இப்படித்தான் போடுவார்கள்.

நடந்தது வேறு. ஏழு மணிக்கு என்றது எட்டரை ஆனது. பாவ் கடையில் வரிசை. பீடோரில் அம்மா ஒவ்வொரு கொய்யாவாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு மச்சானுக்கு ஒரு தே தாரிக். நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால்.

இடம் அழகுதான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து கோடாகத் தெரிந்தது, கீழே நின்று பார்க்கும்போது பாறையை முழுக்கப் போர்த்தியபடி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏறப் படிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் கீழேயே உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆழமில்லாத இடத்தில் இறங்கினார்கள். எங்களுக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. மலை முகட்டில் மட்டும் கருத்த மேகம். அதை நான் பார்த்தேன். பார்த்து, "இங்கேதான் வெயில் அடிக்கிறதே" என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் இருக்கும். அங்கே கடை வைத்திருந்த பூர்வக்குடிப் பெண்மணி ஒருவர் கரைக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நாயேக்! அத்தாஸ் டா ஹூஜான்." ஏறி வாருங்கள், மேலே மழை வந்துவிட்டது. மச்சான் தண்ணீரில் நின்றபடியே, "இவ்வளவு தூரம் வந்துட்டு இதுக்குள்ளயா? இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும் மாமா" என்றார். நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மனைவிதான் பேசாமல் போய் இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அப்போது தண்ணீரில் இலைகளும் சின்னச் சின்னச் சுள்ளிகளும் வர ஆரம்பித்திருந்தன.

பிறகு நடந்தது சில நிமிடங்களுக்குள். தண்ணீர் முதலில் தேநீர் நிறம், அடுத்துச் சேற்று நிறம். இரைச்சல் கனத்தது. நாங்கள் துண்டும் செருப்பும் வைத்திருந்த பாறை மூழ்கியது. மச்சான் கரையேறிவிட்டார், அவருடைய ஒரு செருப்பு ஏறவில்லை. எங்களுக்கு மேலே இன்னும் ஒரு துளி மழை இல்லை.

இதைத்தான் மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். மலை உச்சியில் பெய்கிற மழை பல ஓடைகளாக இறங்கி ஒரு குறுகிய பள்ளத்தில் சேர்கிறது. வழியில் விழுந்த மரமும் குப்பையும் அதை அடைத்துக்கொண்டால், அந்த அடைப்பு உடையும்போது மொத்தமும் ஒரே அடியாக வருகிறது. அண்ணன் வீட்டில் இரவு இதைச் சொன்னபோது அண்ணி கேட்டார், "போஸ் டிப்பாங் மறந்து போச்சா தம்பி?" மறக்கவில்லை, ஆனால் நினைக்கவும் இல்லை. 1996 ஆகஸ்டு 29, கம்பார் பக்கத்தில் உள்ள அந்தப் பூர்வக்குடிக் கிராமத்தில் மலையிலிருந்து மண்ணும் மரக்கட்டைகளும் ஆற்றோடு இறங்கி 44 பேரைக் கொண்டுபோயின. நாங்கள் குளித்த அதே மலைத்தொடர்தான்.

எங்கே பிழை என்று யோசித்தால், இடத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. மேற்குக் கரையில் பருவக்காற்று மாறுகிற மாதங்களில், அதாவது ஏப்ரல், மே, பிறகு அக்டோபர் வாக்கில், மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை வெயிலில் சூடான காற்று மலையில் ஏறி, மதியத்துக்கு மேல் இடியாக இறங்கும். அதனால் நீர்வீழ்ச்சி என்பது காலை வேலை. கொய்யா எங்கும் ஓடிப் போகாது.

இப்போது நான் திட்டத்தைத் தலைகீழாகப் போடுகிறேன். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரை விட்டு ஏறியாக வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். எத்தனை மணிக்கு வீட்டில் புறப்பட வேண்டும் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். ஒரு நாளுக்கு ஒரு நீர்வீழ்ச்சி போதும். கழிப்பறை, பெட்ரோல் இரண்டையும் நெடுஞ்சாலை ஓய்வுத் தளத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது, அம்மாவுக்கு இதில் தனிப் புராணமே இருக்கிறது. முந்தின நாள் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்க்கிறேன். தண்ணீர் பெருகிய பிறகு சில இடங்களை மூடிவிடுவார்கள், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை குளிப்பதல்ல, கடைக்காரரிடம் ஏதாவது வாங்குவது. நேற்று மழையா, தண்ணீர் எப்படி என்று கேட்டால், எந்தக் கைப்பேசியும் சொல்லாததை அவர் சொல்வார். ஆற்றின் நடுப்பாறையில் பாய் விரித்துச் சாப்பிடும் வழக்கத்தை நம்மவர்கள் விட்டால் நல்லது. தண்ணீர் ஏறினால் முதலில் தீவாகிறது அந்தப் பாறைதான். மீந்த சோற்றை அங்கேயே கொட்டுவதும் வேண்டாம். சோறு எலியைக் கூப்பிடும், எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்தால் காலில் இருக்கும் சின்னக் காயம் வழியாகக் காய்ச்சல் உள்ளே வரும். குளித்துவிட்டு வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் கண்டால், "நீர்வீழ்ச்சியில் குளித்தேன்" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு லாத்தா இஸ்கண்டார் வசதி. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், சாலையை ஒட்டியே விழுகிறது. நடக்கவே வேண்டாம். எதிரே கடைகள், பெட்டாய், தேன், மூங்கில் பொருட்கள் எல்லாம் கிடைக்கும். விடுமுறை நாளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வளைவில் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடந்து ஓடுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஜொகூர்க்காரர்களுக்குக் கோத்தா திங்கி இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களும் காலையில் போய் மதியத்தில் திரும்பிவிடலாம்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போனோம். ஐந்தரைக்குப் புறப்பாடு, வீட்டில் கட்டிய நாசி லெமாக் காரிலேயே பசியாறல். ஒன்பது மணிக்கு முன்பே செண்டெரியாங் தாண்டியாகிவிட்டது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது, கூட்டமும் இல்லை. அதே பெண்மணி கடையைத் திறந்துகொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். மகள் போய் அவரிடம் ஒரு தேங்காய் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தாள், அது அவளாகவே எடுத்து வைத்திருந்தது. பதினொன்றே முக்காலுக்கு எல்லாரும் ஏறினோம். மச்சான்தான் முதலில் ஏறினார்.

திரும்பும் வழியில் பீடோரில் கொய்யா. அம்மா இம்முறையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. மச்சானின் அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் என் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை.