மைதானமா, வகுப்பறையா? இரண்டும் வேண்டும்!

உங்கள் மகன் கபடியில் மாவட்ட அணிக்குத் தேர்வாகி விட்டான் என்று வைத்துக் கொள்ளுங்கள். பயிற்சி முகாம் பத்து நாட்கள். அதே பத்து நாட்களில் பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட். என்ன செய்வீர்கள்?

நம்மில் பெரும்பாலோர், "பத்தாவது முடியட்டும், அப்புறம் விளையாடலாம்" என்று பையனை நிறுத்தி விடுவோம். பத்தாவது முடிந்ததும் பிளஸ் டூ வந்து நிற்கும். அதற்குப் பிறகு அவனுக்கு ஆசையும் இருக்காது, வயதும் இருக்காது. மகளாக இருந்தால் கேட்கவே வேண்டாம், முகாம் கடிதம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளேயே வராது.

வேறு சிலர் இதற்கு நேர்மாறு. டி.சி.யை வாங்கிக் கொண்டு பிள்ளையை முழுநேரமும் மைதானத்தில் விட்டு விடுகிறார்கள். கேட்டால், "குகேஷ் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தானே?" என்கிறார்கள். உண்மைதான். நான்காம் வகுப்புக்குப் பின் அவர் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக செஸ் சாம்பியனும் ஆகி விட்டார். ஆனால் அவருடைய தந்தை மருத்துவர், தாய் நுண்ணுயிரியல் படித்தவர். பள்ளி நின்றாலும் படிப்பு நிற்காத வீடு அது. நம் வீடுகள் அப்படியா? தந்தை காலையில் ஆட்டோவை எடுத்தால் இரவில்தான் திரும்புவார். அங்கே பள்ளியும் போய் விட்டால் பிள்ளைக்கு மிச்சம் என்ன?

ஆட்டோ ஓட்டுநரின் மகள்தான் வடசென்னையைச் சேர்ந்த காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு காசிமா வெல்லும்போது, அதே வயதில் மாவட்டத்தோடு நின்று போன பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கோடி கிடைக்காது. கையில் ஒரு மார்க் ஷீட்டாவது இருக்க வேண்டாமா? நமது வாதமே இதுதான். படிப்பில் வளைந்து கொடுப்பது வென்றவர்களுக்கான சலுகை என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது தோற்பவர்களுக்குத்தான் அதிகம் தேவை. விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பவர்கள்தானே!

2022 மே மாதம் பிரக்ஞானந்தா இணையவழிப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. காலையில் பதினோராம் வகுப்புத் தேர்வு. பத்திரிகைகள் இதைப் பெருமையாக எழுதின. நமக்குப் பெருமையாகத் தெரியவில்லை. 16 வயதுப் பையனுக்கு அந்த ஒரு தேர்வை நான்கு நாள் தள்ளி வைத்தால் என்ன குடியா முழுகி விடும்?

தள்ளி வைக்க முடியும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2018-ல் துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலாவுக்காக சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக நடத்த முன்வந்தது. அந்த ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 15 வயதில் அவர் தங்கம் வென்றார். எந்த வானமும் இடிந்து விழவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு யாருக்கு? தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏணியில் ஏறிக் கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் இல்லை. மாடிக்கு வந்து விட்டவனுக்கு ஏணி எதற்கு? மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிறவர்களுக்கும் மாற்றுத் தேதியில் தேர்வு, முகாம் நாட்களுக்கு வருகைப் பதிவு, திரும்பி வந்ததும் விட்டுப் போன பாடத்துக்குத் தனி வகுப்பு. இந்த மூன்றையும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் விதியாகவே எழுத வேண்டும். தலைமை ஆசிரியரின் தயவாக இருக்கக் கூடாது. இன்று பி.டி. மாஸ்டர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் பி.டி. பீரியடையே கணக்கு வாத்தியார் எடுத்துக் கொள்வார்.

சரி, அதுவரை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து சேரலாம். தங்கிப் பயிற்சி பெற்றுக் கொண்டே பள்ளியிலும் படிக்கலாம். இன்னொன்று, மத்திய அரசு 1989-ல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதையும் பிளஸ் டூவையும் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. போட்டி ஏப்ரலில் வந்தால் அக்டோபரில் எழுதிக் கொள்ளலாம்.

ஆனால் ஏமாந்து விடாதீர்கள். அங்கே தினமும் பாடம் நடத்த ஆசிரியர் இல்லை. புத்தகம் வரும், படிப்பது உங்கள் பாடு. வீட்டிலோ தெருவிலோ சொல்லிக் கொடுக்க ஒருவர் இல்லாமல் பிள்ளையை அதில் சேர்ப்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்குவது போல. நம் ஊர்களில் பட்டதாரி இளைஞர்கள் வேலை தேடிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் போதும். ஜமாஅத்துகள் ஓர் அறையும் ஒரு மின்விளக்கும் தரக் கூடாதா?

பள்ளியில் இருக்கும் பிள்ளையாக இருந்தால், முகாம் கடிதம் வந்த அன்றே அதன் நகலோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். விடுப்பை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கிற நேரத்தில் வருகைப் பதிவு குறைகிறது என்று சொல்வார்கள். அப்போது காட்டுவதற்கு உங்கள் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.