இரும்பு யாருக்கு, தூசி யாருக்கு?

ஊது உலைக்குக் கோக் நிலக்கரி வேண்டும். அந்த நல்ல ரக நிலக்கரி நம் நாட்டில் ஜாரியா வட்டாரத்தை விட்டால் அரிது. பெரும்பகுதி இன்றும் அந்நிய நாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. சாதாரண நிலக்கரியைக் கொண்டே இரும்பு செய்யலாம் என்று நிரூபித்துக் காட்டியது பொதுத்துறைதான். 1980இல் கொத்தகூடம் அருகே பால்வஞ்சாவில், ஐக்கிய நாடுகள் சபையின் உதவியுடன், வருடத்துக்கு 30,000 டன் சக்தியுள்ள ஸ்பாஞ்ச் இரும்பு ஆலை ஓடத் தொடங்கியது.

சற்றே சாய்ந்து மெதுவாகச் சுழலும் நீண்ட உருளைதான் உலை. மேல்முனையில் தாதுவும் நிலக்கரியும் கொஞ்சம் டாலமைட்டும் போகின்றன. உஷ்ணம் சுமார் 1,000 டிகிரி, தாது உருகுவதில்லை. கரியிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு, தாதுவிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்கிறது. பறிபோன இடமெல்லாம் துவாரம். ஸ்பாஞ்ச் என்ற பெயர் அதனால்தான். குளிர்ந்த பிறகு காந்தம் இரும்பையும் மிச்சக் கரியையும் பிரித்துவிடும்.

இன்று இந்த இரும்பில் உலகிலேயே இந்தியா முதலிடம். 2023-24இல் உற்பத்தி 5 கோடி டன்னைத் தாண்டியது. பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் ராய்ப்பூர், ராய்கட், சுந்தர்கட், பல்லாரி வட்டாரங்களில் தனியார் உலைகளைச் சுற்றியுள்ள விவசாயியைக் கேளுங்கள். நெற்பயிர் மீதும் குளத்து நீர் மீதும் படியும் கரித்தூசியைத்தான் அவர் காட்டுவார்.

தூசியைப் பிடிக்க யந்திரம் இல்லையா? இருக்கிறது. அது மின்சாரம் தின்னும். ஒரு கிலோ இரும்பும் தராது. ஆகவே இரவானதும் அதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது கிராமத்து மக்களின் நீண்ட காலப் புகார். 2008இல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது: நிலக்கரி உலையின் புகையில் கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தூசி கூடாது, உலையின் அவசர மூடி திறந்தால் தாது செல்லும் பட்டை தானே நின்றுவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சோதனைக்கு வரும் அதிகாரியின் ஜீப் பகலில் அல்லவா வருகிறது!

உலைக்குள் இறங்குபவன் நிலைமை இன்னும் மோசம். உட்சுவரில் பாறைபோல் ஒட்டிக்கொள்ளும் கட்டியை, உலையை நிறுத்தி, ஆள் இறங்கித்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இறங்குபவனோ பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆலையின் ஆள்கணக்கில் அவன் பெயரே இராது.

சிறிய ஆலை, செலவு தாங்காது என்கிறார்கள் முதலாளிகள். உலையிலிருந்து வெளியேறும் சூட்டைக் கொண்டே பெரிய ஆலைகள் மின்சாரம் எடுக்கவில்லையா? ஆலைகளை இழுத்து மூடு என்று நாம் சொல்லவில்லை. அதில் உழைப்பவனுக்கும் வயிறு உண்டு. கட்டி உடைக்கும் தொழிலாளியை நிரந்தரமாக்கட்டும். வாயுவைக் காட்டும் கருவி இல்லாமல் எவனையும் உள்ளே இறக்கக்கூடாது. தூசி யந்திரத்துக்குத் தனி மின் மீட்டர் வைத்து, இரவுக் கணக்கை மாதந்தோறும் ஆலை வாசலிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டட்டும்.