சொல் இழந்தார் கணக்கும் இழப்பார்

திண்டிவனம் நகரின் ஒரு பகுதிக்குக் கிடங்கில் என்பது பெயர். ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கோட்டையூர் அது. சிறுபாணாற்றுப்படை பாடப்பெற்ற காலத்திலேயே புகழ்பெற்று விளங்கியது. கிடங்கு என்னும் சொல்லுக்கு அகழி என்றும், ஆழ்ந்த பள்ளம் என்றும், பண்டங்களைச் சேர்த்து வைக்கும் இடம் என்றும் பொருள்கள் உண்டு. கோட்டையைக் காத்தது அகழிக் கிடங்கு. குடியைக் காத்தது பண்டக் கிடங்கு. இச்சொல் வணிகரோடு கப்பலேறியது. தமிழ்க் 'கிடங்கு'ம் தெலுங்குக் 'கிட்டங்கி'யும் மலாய் மொழியில் 'கடோங்' என்றாகி, கீழைக்கடலில் வாணிகம் செய்த ஐரோப்பியர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்றென்று சொல்லாய்வாளர் காட்டுவர். கடல் கடந்து சென்ற சொல் வேற்றுடை பூண்டு 'குடோன்' என்று திரும்பிவந்தது. வந்ததும், வீட்டிலிருந்த கிடங்கை வெளியே தள்ளிவிட்டுத் தான் திண்ணையில் அமர்ந்துகொண்டது. கிடங்கிலைத் தன்னகத்தே கொண்ட திண்டிவனத்திலேயே இன்று சரக்கு வைக்கும் இடத்தை மக்கள் 'குடோன்' என்கின்றனர். இதனினும் பெரிய நகை வேறுண்டோ?

நகைப்போடு முடிவதாயின் வருந்த வேண்டுவதில்லை. இச்சொல்லிழப்பு இன்று தமிழனின் கைமுதலையே தின்னத் தொடங்கிவிட்டது. ஐந்து பக்கமிருந்தும் தொடர்வண்டிப் பாதைகள் வந்து கூடும் ஊர் விழுப்புரம். சென்னைச் சாலை புதுவைக்கும் திருவண்ணாமலைக்கும் பிரியும் ஊர் திண்டிவனம். சரக்குப் போக்குவரத்துக்கென்றே அமைந்தவை போன்ற இவ்விரண்டு ஊர்களிலும், இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், செக்கெண்ணெயும் அரிசியும் துணியும் மண்பாண்டமும் இணையச் சந்தை வழியே விற்கும் இளைஞரும் மகளிரும் பெருகியுள்ளனர். கடை வாடகையின்றி நாடு முழுதும் விற்கலாம் என்னும் நம்பிக்கையில் இறங்கியவர்கள் அவர்கள். கைப்பேசித் திரையில் அவர்களை எதிர்கொள்ளும் சொற்கள் எவை? 'இன்வென்டரி', 'எசு.கே.யூ.', 'லீடு டைம்', 'மார்சின்', 'செட்டில்மென்டு', 'ஆர்.டி.ஓ.'!

விழுப்புரத்தாருக்கு ஆர்.டி.ஓ. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர். அன்றேல் வண்டிகளுக்கு உரிமம் தரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இணையச் சந்தையிலோ, கொள்வோரிடம் சேராமல் விற்றவரிடமே திரும்பிவரும் சிப்பத்துக்கு அது பெயர். கணக்கில் 'ஆர்.டி.ஓ. கட்டணம்' என்று ஒரு தொகை கழிந்திருப்பதைக் காணும் புதிய வணிகர், அரசுக்குச் செலுத்தும் ஏதோ ஒரு கட்டணம் போலும் என்று எண்ணி வாளா இருந்துவிடுவாராயின், அவர் மீது குற்றம் சொல்லுவது எங்ஙனம்?

அந்த மூன்றெழுத்து என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்க. ஒருவர் நிலக்கடலை எண்ணெய் விற்கிறார் எனக் கொள்க. ஒரு குப்பியின் விலை 400 உருபா. அடக்கவிலை 260, பொதியும் செலவு 20, சந்தை நடத்துவோர்க்குத் தரகு 40, அனுப்புகூலி 60. ஆக 380 போக 20 உருபா மிச்சம். பத்துக் குப்பிகளும் போய்ச் சேர்ந்தால் ஊதியம் 200 உருபா. அவற்றுள் ஒன்று திரும்பிவந்தால் என்ன ஆகும்? போன கூலி 60, வந்த கூலி 60, வீணான பொதிவு 20 என 140 உருபா கையை விட்டுப் போகும். ஒன்பது குப்பியின் ஊதியம் 180இலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது 40. இரண்டு குப்பிகள் திரும்பினாலோ, எட்டின் ஊதியம் 160; இழப்பு 280. முடிவில் 120 உருபா கைப்பொருள் போயிற்று. குப்பி உடையாமல் எண்ணெய் சிந்தாமல் வந்தால்தான் இந்தக் கணக்கும். கூலியும் தரகும் சந்தைக்குச் சந்தை வேறுபடும். கணக்கின் போக்கு வேறுபடாது. 'கைக்கு வந்தபின் காசு' என்னும் முறையில் விற்போர் இதனை முதலில் அறிதல் வேண்டும். 'ஆர்.டி.ஓ.' என்பதற்கு மாற்றாக 'சேராது மீண்ட சிப்பம்' என்று திரையில் இருந்திருந்தால், முதல் திங்களிலேயே அவர் விழித்துக்கொண்டிருப்பார் அன்றோ? சொல் புரிந்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் கணக்குத் தெளியும்.

இந்நிலை தமிழகத்துக்குப் புதிதன்று. கைமேல் துண்டைப் போர்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது மாட்டுச் சந்தைகளில் நெடுநாள் வழக்கம். தரகர் இருவர்க்கும் விலை தெரியும். பொருளுக்கு உரியவனுக்குத் தெரியாது. வேளாண் விளைபொருள் வாணிகத்திலும் எடைக்குறைப்பும் பெயர் தெரியாத பிடித்தங்களும் உழவனை வாட்டின. அவற்றைத் தடுக்கவே 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அவ்வழியில் அமைந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ளன; உழவர்கள் அவற்றைக் 'கமிட்டி' என்பர். துண்டை விலக்கி விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே அக்கூடங்களின் நோக்கம். இணையச் சந்தையில் அதே துண்டு மீண்டும் விழுந்திருக்கிறது. இம்முறை அது நூலால் நெய்த துண்டன்று. ஆங்கிலத்தால் நெய்த துண்டு!

இச்சொற்கள் புதியவை, இவற்றைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் உளர். அவர்கள் தமிழ்க் கடைத்தெருவை அறியாதவர்கள். கொள்முதல், கைமுதல், அடக்கவிலை, கையிருப்பு, வரத்து, நிலுவை, தரகு, பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பன புலவர் அறையில் பிறந்த சொற்களல்ல, கடைத்திண்ணையில் பிறந்தவை. 'இன்வென்டரி' என்பது கையிருப்பு. 'எசு.கே.யூ.' என்பது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் தனித்தனியே இடும் அடையாளம், அது சரக்குக்குறி. அரைக் குப்பிக்கு ஒரு குறி, முழுக் குப்பிக்கு மற்றொரு குறி. 'சப்ளை செயின்' என்பது உழவனின் களத்திலிருந்து உண்பவனின் கலம் வரை நீளும் வழங்கல் தொடர். விலைபோகாது கிடப்பது தேங்குசரக்கு. 'செட்டில்மென்டு' என்பது கணக்குத் தீர்த்தல். 'பார்சல்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டா. அரிசி வணிகர் நாள்தோறும் சொல்லும் சிப்பம் இருக்கிறது.

சரக்கைக் கேட்ட நாளுக்கும் அது வந்து சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் வரத்துநாள். நாளொன்றுக்கு 5 குப்பி விற்கும் கடைக்குச் சரக்கு வர 6 நாள் ஆகுமாயின், அந்த ஆறு நாளுக்கு 30 குப்பி வேண்டும். மழையோ சாலை மறியலோ வந்தால் தாங்குவதற்கு 10 கூடுதலாகக் கொள்க. கையிருப்பு 40ஆகக் குறைந்த அன்றே அடுத்த சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். இதற்கு மறுகொள்முதல் அளவு என்று பெயரிட்டால் எவர்க்கு விளங்காது? பழைய வணிகர் மூட்டை அடுக்கின் உயரத்தைக் கண்ணால் அளந்தே இதனைச் செய்தனர்.

'மார்சின்' என்னும் சொல்லில் மற்றொரு குழி உண்டு. 80 உருபாவுக்கு வாங்கி 100 உருபாவுக்கு விற்றால், முதலின் மேல் ஊதியம் நூற்றுக்கு 25. விலையின் மேல் ஊதியம் நூற்றுக்கு 20. தரகோ விற்கும் விலையின் மேல் கணக்கிடப்படுவது. முதலின் மேல் 25 கிடைக்கிறது, தரகு 20 போனாலும் 5 மிஞ்சும் என்று எண்ணி இறங்கினவர்க்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. 'முதல்மேல் ஊதியம்', 'விலைமேல் ஊதியம்' எனத் தமிழில் இரண்டாகச் சொன்னால் இம்மயக்கம் எழாது.

வரியிலும் இஃதே நிலை. சரக்கு சேவை வரி என்று அரசு பெயரிட்ட வரி 2017 சூலை முதல் நடப்பிலுள்ளது. இணையச் சந்தை நடத்துவோர் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 1 பிடித்து அரசுக்குச் செலுத்தும் முறை 2018 அக்டோபரில் வந்தது. 2024 சூலையில் அது 0.5 ஆகக் குறைந்தது. வருமான வரிக்கென 2020 அக்டோபரில் தொடங்கிய பிடித்தம், 2024 அக்டோபர் முதல் நூற்றுக்கு 0.1 ஆயிற்று. இவை வணிகரின் பெயரில் அரசிடம் வரவு வைக்கப்படுவன. முறைப்படி கணக்குக் காட்டிப் பயன்கொள்ளத் தக்கவை. சொல் புரியாதவரோ இவற்றையும் தரகோடு சேர்த்துப் போனதாகவே எண்ணிக் கைகழுவிவிடுகின்றனர். விற்பனை வரம்புக்குட்பட்டுத் தம் மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வணிகர், சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அவ்வரிப் பதிவின்றி இணையச் சந்தையில் விற்கலாம் என்ற தளர்வு 2023 அக்டோபரில் வந்தது. விழுப்புரத்திலிருந்து ஒரு சிப்பம் கன்னியாகுமரிக்குப் போனால் அது மாநிலத்துக்குள் விற்பனை. கூப்பிடு தொலைவிலுள்ள புதுவைக்குப் போனால் வெளிவிற்பனை, தளர்வு பொருந்தாது. பேச்சும் உறவும் ஒன்றாயிருக்கும் இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள இவ்வேலியைத் தமிழில் சொல்லாவிடின், அறியாமலே சட்டத்தை மீறும் நிலைக்கு எளியவர் தள்ளப்படுவர்.

இவையனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. பொதிந்து விற்கும் பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள், உறைமேல் அச்சிட வேண்டிய செய்திகள் இந்தியில் தேவநாகரி எழுத்திலோ, ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! திண்டிவனத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெயை, தமிழர் ஒருவர், விழுப்புரத்துத் தமிழர்க்கு விற்கும்போதும், தமிழில் மட்டும் அச்சிட்டால் குற்றம். தமிழே இல்லாமல் அச்சிட்டால் குற்றமில்லை! உணவுப் பண்டங்களுக்கான 2020ஆம் ஆண்டின் உறைவிதிகளும் இவ்வாறே ஆங்கிலத்தையும் இந்தியையும் அரியணை ஏற்றித் தமிழைத் திண்ணையில் நிறுத்துகின்றன. கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலம் 1977இலேயே தன் மொழிச் சட்டத்தால் விற்பனைப் பண்டங்களின் மேல் பிரெஞ்சு மொழி இருந்தே ஆக வேண்டும் என்றாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவு விதி, விற்கும் நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் செய்தி இருத்தல் வேண்டும் என்கிறது. அந்நாடுகளில் வாணிகம் அழிந்துவிட்டதா? உண்பவனுக்குப் புரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே அது தமிழர் கெஞ்சிக் கேட்கும் சலுகை!

மொழி நுழைய இயலாத இடமன்று இணையச் சந்தை. பிளிப்கார்ட்டும் அமேசானும் 2020ஆம் ஆண்டிலேயே தமிழில் கடை விரித்தன. தமிழனிடம் விற்கத் தமிழ் வேண்டும் என்பதை வணிகப் பெருநிறுவனங்கள் உணர்ந்துகொண்டன. ஆனால், விற்பவன் ஒப்பவேண்டிய உடன்படிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. தமிழ்ப்படுத்தப்பட்ட பக்கங்களிலும் 'ஆர்டர்', 'ரிட்டர்ன்' என ஆங்கிலமே தமிழெழுத்தில் நடமாடக் காணலாம். எழுத்து மாறினால் மொழி மாறிவிடுமா?

தமிழ் வணிகர் பிறர் மொழிக்கு அஞ்சி வாணிகம் செய்தவரல்லர். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டப் பொதிகள்மேல் சோழரின் புலிக்குறி பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சுமத்திரைத் தீவின் பாரூசு அருகே, 1088ஆம் ஆண்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், வரும் கப்பலோர் செலுத்தவேண்டியவற்றைத் தமிழிலேயே கல்லில் பொறித்தனர். கடல் கடந்த மண்ணிலும் தமிழில் கட்டணம் எழுதியவரின் வழிவந்தோர், சொந்த ஊரில் தம் கட்டணத்தைப் படிக்க இயலாமல் நிற்பது எத்துணை இழிவு!

இந்நிலைக்குத் தமிழன்பரும் பொறுப்பேற்றல் வேண்டும். கடைக்காரர் 'சுடாக்கு இல்லை' என்றால் முகஞ்சுளிப்பது எளிது. அவர் அருகமர்ந்து அவருடைய கணக்கைத் தமிழில் எழுதிக்கொடுப்பதே தொண்டு. புலவர் நால்வர் கூடி எவர் வாயிலும் நுழையாத சொற்களை ஆக்கி அகராதியில் பூட்டிவைப்பதாலும் பயனில்லை. மணிலாக்கொட்டையை மல்லாட்டை என்று தம் நாவுக்கு வளைத்துக்கொண்ட தென்னார்க்காட்டு உழவரின் சொல்வன்மையை மதித்து, முதலில் சந்தையில் வழங்கும் சொல்லைத் தேடுக. இல்லாதவிடத்து மட்டும் எளிய புதுச்சொல் படைக்க.

செய்யவேண்டுவன மூன்று. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றின் தமிழ் மாணவரும் வணிகவியல் மாணவரும் ஒருங்கமர்ந்து, இணைய வாணிகச் சொற்கள் ஐம்பதைத் தமிழில், கணக்கு எடுத்துக்காட்டோடு, சுவரில் ஒட்டத்தக்க ஒரே தாளில் அச்சிட்டு வழங்கலாம், இது முதலாவது. தமிழ்நாட்டில் பொருள் விற்போர் ஒப்பும் உடன்படிக்கைக்கும், அவர்க்குத் தரும் கணக்குக்கும் தமிழ்ப்படி தந்தே ஆகவேண்டும் என்று தமிழக அரசு வலியுறுத்துதல் வேண்டும், இஃது இரண்டாவது. பொதியுறை விதிகளில் அந்தந்த மாநில மொழி கட்டாயம் இடம்பெறத் திருத்தம் வேண்டுமென்று தமிழகத்து நாடாளுமன்ற உறுப்பினர் கட்சி வேறுபாடின்றிக் குரலெழுப்புதல் வேண்டும், இது மூன்றாவது.

இவற்றுக்கு நாளாகலாம். நாளாகாத செயலும் ஒன்றுண்டு. தமிழ் வணிகர் ஒவ்வொருவரும் இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்து, கொள்முதல், கூலி, தரகு, மீண்ட சிப்பம், மிச்சம் என்று ஐந்து பத்தி இட்டுத் தம் கணக்கைத் தமிழில் எழுதுக. திண்டிவனத்தில் 'குடோன்' என்று எழுதிய பலகைகளுள் ஒன்றேனும் நாளையே 'கிடங்கு' என்று மாறுக. ஊர்ப்பெயரில் உயிரோடிருக்கும் சொல்லுக்கு ஊரில் இடமில்லை என்றால், பழி பகைவர்க்கன்று, தமிழர்க்கே.