பிழைத்திருத்தல் விளையாட்டும் மாந்தரின் பின்புலமும்

உவகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டையும் தொல்காப்பியர் வைத்துள்ளார். ஆதலின் மாணவருலகம் இன்று பெரிதும் ஈடுபட்டிருக்கும் கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்த்துறை மலரொன்றில் எழுதுதல் பொருந்தாச் செயல் ஆகாது. அவ்விளையாட்டுகளுள்ளும் ஒரு வகையே ஈண்டு நம் ஆய்வுக்குரியது. பகைவனை வெல்லுதலோ பந்தயத்தில் முந்துதலோ அதன் நோக்கமன்று. பசி, குளிர், நோய், தனிமை ஆகியவற்றின் நடுவே ஒரு மாந்தரை நிறுத்தி, அவரை மேலும் ஒரு நாள் உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பை ஆடுபவரிடம் ஒப்படைப்பதே அதன் இயல்பு. இதனைப் பிழைத்திருத்தல் விளையாட்டு எனலாம்.

அம்மாந்தர் யார் என்பதே வினா. ஆட்டம் தொடங்குமுன் அவர் தச்சரா, செவிலியரா, வேலையற்றவரா எனத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆடுபவர்க்கு வேண்டுமா? வேண்டா என்பாரும் உளர். 2011ஆம் ஆண்டு முழு வடிவில் வெளிவந்த 'மைன்கிராஃப்ட்' அவர்தம் சான்று. அங்கே எவரும் வெறுங்கையுடனேயே தொடங்குகின்றனர். வெறுங்கையால் மரத்தை வெட்டி, அம்மரத்தால் கருவி செய்து, மெல்ல மெல்ல உயர்கின்றனர். அனைவர்க்கும் ஒரே தொடக்கம் என்பது கேட்பதற்கு இனிமையானதே. ஆயினும் அது கற்பனை நாட்டின் சமன்மை. மெய்யான பஞ்சத்தையும் போரையும் பயணத்தையும் காட்ட முற்படும் விளையாட்டு அவ்வாறு தொடங்குமாயின், பிழைத்தவரெல்லாம் உழைத்தவர், மாண்டவரெல்லாம் சோம்பியவர் என்னும் பொய்யை ஆடுபவர் அறியாமலே அவர் உள்ளத்தில் விதைத்துவிடும். நிலத்தைச் சொன்ன தொல்காப்பியர் கருப்பொருள் வரிசையில் உணவோடும் மரத்தோடும் தொழிலையும் சேர்த்தே சொன்னார். நிலம் இருக்க, தொழிலும் உடைமையும் அற்ற மாந்தர் மட்டும் அந்நிலத்தில் நிற்பது எங்ஙனம்?

இதனை நன்கு உணர்த்தும் சான்று 'ஆரிகன் டிரெயில்' என்னும் அமெரிக்க விளையாட்டாகும். 1971ஆம் ஆண்டு, மின்னியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த டான் ராவிட்ச் என்பார், வரலாற்று வகுப்பில் பயன்படுத்துதற் பொருட்டு, நண்பர்கள் பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் ஆகியோருடன் இணைந்து இதனை உருவாக்கினார். அந்நாளில் அதற்குத் திரை இல்லை. தொலையச்சுப் பொறியில் தட்டித் தாளில் விடை பெறவேண்டும். பயணிகள் அனைவரும் ஒரே அளவுப் பணத்துடன் புறப்பட்டனர். 1985ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் பின்புலம் புகுந்தது. 1848இல் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் ஆரிகனுக்குப் புறப்படும் நீவிர் யார் என்று அப்பதிப்பு வினவுகிறது. பாஸ்டன் வங்கியாளர் எனின் கையில் 1600 டாலர். ஒஹையோ தச்சர் எனின் 800. இல்லினாய் உழவர் எனின் 400.

கடையில் எருதின் விலை மூவர்க்கும் ஒன்றே. ஆற்றின் ஆழமும், வழியில் வரும் பாம்புக்கடியும் வயிற்றுக்கடுப்பும் ஆள் பார்த்து மாறுவதில்லை. ஆனால் வண்டியச்சு முறிந்தபோது உதிரிப்பாகத்தை முன்னரே வாங்கி வைத்திருப்பவர் எவர்? ஆற்றைத் தாமே கடக்க அஞ்சி, தோணிக்காரர்க்குக் கூலி கொடுக்க வல்லவர் எவர்? இவ்வாறு இடர் பொதுவாகவும், இடரைத் தாங்கும் ஆற்றல் பொதுவல்லாததாகவும் அமைகின்றன. உயிரோடு சென்று சேர்ந்தால் தச்சரின் மதிப்பெண் இருமடங்காகவும் உழவரின் மதிப்பெண் மும்மடங்காகவும் பெருக்கப்படும். நீண்ட சொற்பொழிவொன்றில் விளக்கவேண்டியதை ஒரு பெருக்கல் வாய்பாடு சொல்லிவிடுகிறது. (மும்மடங்கு சிறப்பு சென்று சேர்ந்த உழவர்க்கே, வழியில் புதையுண்டவர்க்கு அவ்வாய்பாட்டில் இடமில்லை. அதுவும் உண்மைக்கு மாறானதன்று.)

ஆயினும் இம்மூவர் பட்டியலில் ஒரு பெருங்குறை உண்டு. அவ்வழி எவருடைய மண்ணின் மீது சென்றதோ அப்பழங்குடி மக்களுள் ஒருவராக ஆடும் வாய்ப்பு அதில் இல்லை. 2021ஆம் ஆண்டு கேம்லாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட புதிய பதிப்பில், பழங்குடி வரலாற்றறிஞர்தம் ஆலோசனையைப் பெற்று அவர்களையும் பயணிகளாகச் சேர்த்தனர். பின்புலப் பட்டியல் என்பது வெறும் வசதியன்று. ஆக்கியோர் எவரையெல்லாம் மாந்தராக எண்ணினர் என்பதன் கணக்கும் அதுவே. எனவே பட்டியல் வேண்டும் என்பதோடு, அதில் எவர் விடுபட்டார் என்று வினவுதலும் வேண்டும்.

பின்புலத்தை ஏற்பதில் ஓர் அச்சமும் எழுதல் இயல்பு. பிறப்பும் தொழிலும் பிணைக்கப்பட்ட நாட்டில் வாழும் நாம், தச்சர் தச்சராகவே இருப்பார் என்று ஒரு பொறி விதிப்பதைக் கண்டு தயங்குதல் முறையே. 'பிராஜெக்ட் சோம்பாய்டு' என்னும் விளையாட்டு இதனை ஓரளவு நன்கே தீர்த்துள்ளது. தச்சர் தச்சுத்திறனோடு தொடங்குகிறார். அக்கலையில் விரைந்து வளர்கிறார். பிறரோ செய்து பழகியும் நூல் படித்தும் அதனைக் கற்கலாம். பின்புலம் அங்கே தொடக்கமேயன்றி எல்லையன்று. ஆனால் அதே விளையாட்டில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் அங்காடியும் உண்டு. கிட்டப்பார்வை, செவிக்குறை, எழுத்தறியாமை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் கிடைக்கும். அப்புள்ளிகளைக் கொண்டு உடல்வலிமை முதலிய நலன்களை வாங்கலாம். எழுத்தறியாதவர் அங்கும் நூல் படிக்க இயலாது என்பது மெய்யே. எனினும், கைந்நாட்டு வைத்துக் கடன்பத்திரத்தில் ஏமாந்த நம் முன்னோர் எவருக்கும் அதற்கு ஈடாக யாதொன்றும் தரப்படவில்லை. குறையைச் செலாவணியாக்கும் இம்முறையை நீக்குதல் நன்று.

எவரும் எளிய பின்புலத்தையே தேர்வர், ஆகவே தேர்வுரிமை பயனற்றது என்பது எஞ்சிய தடை. அதற்கும் வழி உண்டு. சரயேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டதைத் தழுவிப் போலந்து நாட்டார் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டில், இடிந்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் பொதுமக்களை நாம் காக்கவேண்டும். சமையற்காரர் குறைந்த எரிபொருளில் உணவாக்குவார்; பந்தாட்டக்காரர் விரைந்தோடுவார்; செய்தியாளர் பேரம்பேச வல்லவர். தொடக்கத்தில் இவர்களுள் எவர் நம்மிடம் வந்து சேர்வர் என்பதை விளையாட்டே முடிவு செய்தது. நாமே குழுவை அமைக்கும் உரிமை பின்னரே சேர்க்கப்பட்டது. அந்த வரிசையையே பொது நெறியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. முதல் ஆட்டத்தில் பின்புலத்தைக் குலுக்கல் முறையில் விளையாட்டே வழங்கட்டும். ஒருமுறை ஆடி முடித்தவர்க்கு முழுப்பட்டியலும் திறக்கட்டும். 1600 டாலரோடு ஆரிகன் சென்று சேர்ந்த மாணவர், அடுத்த முறை 400 டாலரோடு அதே கடைக்குள் நுழைந்தால், எருது வாங்குமுன் விலையை இருமுறை கேட்பார்.